முப்பத்தோராம் கேள்வி

டோர்ட்முண்ட்
10.02.2013

அன்பான ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். குளிர்தான் வந்த விருந்தாளி போகமாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மச்சானின் முழங்கால் எப்படி? மகள் றுமானா கலியாணத்துக்கு முன் சமைக்கப் பழகிவிடுவாளா? போன மாதம் போன் எடுத்தபோது உங்கள் காதுக்கு எட்ட வேண்டும் என்று நான் கத்திய கத்தில் கீழ்வீட்டு ஜெர்மன்காரி கதவைத் தட்டி, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆகவே இனி நமக்குள் கடிதம்தான்.

விசயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ச் சுஹைரிடம் நீங்கள் கொடுத்துவிட்ட சீனிச் சம்பலை, நம் நாட்டுச் சாமான் இறக்கும் எங்கள் களஞ்சியத்தில் பாணோடு தின்றுகொண்டிருந்தேன். முதலாளி கேதீஸ்வரன் வந்து ஒரு துண்டு கேட்டார். நம் பக்கத்து உடப்புக்காரர், வெங்காயத்தின் அருமை தெரிந்தவர். நாலாவது துண்டுக்குப் பிறகு, "இது செய்யிறது ஆர்?" என்றார். என் ராத்தா என்று சொல்ல வாய் எடுத்து, விழுங்கிவிட்டேன். "கற்பிட்டில ஒரு அம்மா, அஞ்சாறு பொம்பிளைகளை வச்சுச் செய்யிறா" என்று சொன்னேன்.

கோபிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மச்சினன் மிளகாய்த்தூள் அனுப்பினான். மிளகாய் சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்து, அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு தூளில் இருந்ததைத் துறைமுகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கொள்கலன் முழுக்க எரித்தார்கள். அன்றிலிருந்து முதலாளிக்கு ஒரே சட்டம்: தன் உறவோ வேலையாட்களின் உறவோ, உறவுக்காரன் சரக்கு வேண்டாம்.

இப்போது மாதம் ஐந்நூறு டப்பா எடுக்கலாம் என்கிறார். முதலில் மாதிரி இங்கே ஆய்வுகூடத்தில் தேற வேண்டும். தேறினால், செப்டெம்பரில் ஒரு ஆள் போய்ச் செய்யும் இடத்தைப் பரிசோதித்து வர வேண்டும். "நீதான் போ, உனக்கு இடம் தெரியும்" என்கிறார். பிளேன் ரிக்கெற்றும் இரண்டு கிழமை லீவும் அவர் பொறுப்பு. றுமானாவின் நிக்காஹ் செப்டெம்பர் 15! அது தீபாவளிச் சரக்கு இறங்கும் காலம், லீவு என்று வாயைத் திறந்தாலே வேலை போய்விடும். ஊருக்கு வராமல் பதினொரு வருடம்: முதலில் விசாப் பத்திரம் இல்லை, பிறகு லீவு இல்லை. இந்தச் சம்பல் தேறினால்தான் நான் பந்தலில் நிற்பேன், ராத்தா.

இன்னொன்று. மாசி போடக் கூடாது. மீன் சேர்ந்தால் அதற்கு வேறு சட்டம், வேறு அனுமதி. கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

உங்கள் துஆவை நாடும்
தம்பி முத்தலிபு


கற்பிட்டி
26.02.2013

அன்புத் தம்பிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

அல்லாஹ்வின் காவலில் எல்லோரும் சுகம். மச்சானின் முழங்கால் மழைக்கு முதல்நாள் வலிக்கிறது, ஆகவே இந்த வீட்டில் ரேடியோவில் காலநிலை கேட்பதில்லை. றுமானா சோறு ஆக்குகிறாள். மாப்பிள்ளை பொறுமைசாலி என்று கேள்வி.

மாசி இல்லாத சீனிச் சம்பலா? உன் கடிதத்தை அடுப்படியில் வாசித்தேன். எங்களில் மூத்த கை சாரா உம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப வெங்காயமும் வேணாமாமா? சீனிய மட்டும் கட்டி அனுப்புவமா?" என்று கேட்டாள். மற்ற நாலு பேரும் சிரித்ததில் ஒரு சட்டி வெங்காயம் அடிப்பிடித்தது, அந்த நட்டம் உன் தலையில்தான்.

இரண்டு நாள் துக்கம் காத்தோம். மூன்றாம் நாள் புளியைக் கொஞ்சம் கூட்டி, கறுவாவும் ரம்பையும் தாராளமாய்ப் போட்டு, வெங்காயத்தை இன்னும் சிவக்க விட்டு இறக்கினோம். மச்சானுக்குப் பாணில் வைத்துக் கொடுத்தேன். தின்று முடித்து, "இண்டைக்கு மாசி கொஞ்சம் குறைவு" என்றார். குறைவு என்றுதான் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே நாங்கள் வென்றோம்.

'ஒரு அம்மா' என்று சொன்னாயாமே. உம்மா மவுத்தான பிறகு உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான், அந்தக் கணக்கில் பொய்யில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. நீ வருவாய் என்பதற்காக வாயை மூடிக்கொள்கிறேன். மாமா எப்ப வருவார் என்று றுமானா சின்னப்பிள்ளையாய்க் கேட்டாள், இப்போது கலியாணப் பெண்ணாய்க் கேட்கிறாள். நானும் 'வருவார்' என்ற அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. செய்கிறோம்.

அன்பு மாறாத
ராத்தா ஜெய்னம்பு


டோர்ட்முண்ட்
15.03.2013

அன்பான ராத்தாவுக்கு, ஸலாமுடன் எழுதுவது.

சுகம்தானே? சாரா உம்மாவிடம் சொல்லுங்கள், ஐரோப்பாவில் வெங்காயத்துக்கு இன்னும் தடையில்லை.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். சிரிக்காமல் வாசியுங்கள். மிளகாயை மணலில் பாய் போட்டுக் காயவைக்கக் கூடாது. இடுப்பளவு உயரத்தில் வலை கட்டி அதில் காய வேண்டும், சாயந்தரப் பனி படுமுன் எடுத்துவிட வேண்டும். ஒரு மிளகாயில் கறுப்பாய்ப் பூத்திருந்தால் அதை மட்டுமல்ல, அந்தப் பிடியையே எறியுங்கள். பூஞ்சணத்தின் நஞ்சு பொரித்தாலும் போகாதாம், அவித்தாலும் போகாதாம். இரண்டாவது எண்ணெய். கருகிய எண்ணெயில் அடுத்த சட்டி போடாதீர்கள்.

மூன்றாவதுதான் பெரிய தலையிடி: டப்பா. பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்கு ஏதோ மருந்துகள் சேர்க்கிறார்கள். அவை எண்ணெய்ப் பதார்த்தத்தில், அதுவும் சூட்டில், மெல்ல இறங்கி வந்துவிடுமாம். ஒரு கிலோ சாப்பாட்டில் எல்லாம் சேர்த்து அறுபது மில்லிகிராம் வரைதான் இறங்கலாம் என்பது இங்கத்தைய சட்டம். சீனிச் சம்பலோ எண்ணெயில் குளித்த சாமான். ஆகவே டப்பாவின் அடியில் கோப்பையும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த படம் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படம் இருந்தால் அது சாப்பாட்டுக்கென்றே செய்த டப்பா. சம்பல் முழுக்க ஆறிய பிறகுதான் போட வேண்டும்.

ஆறு டப்பா மாதிரி அனுப்புங்கள். தினமும் எப்படிப் போடுகிறீர்களோ அப்படியே.

தம்பி முத்தலிபு


கற்பிட்டி
05.04.2013

அன்புத் தம்பிக்கு,

ஸலாம் கூறி எழுதுகிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது, மிளகாய்க்கு நல்லது, எங்களுக்குக் கூடாது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

வலை கட்டியாயிற்று. மச்சான் பழைய மீன்வலையைக் கம்பில் இழுத்துக் கட்டித் தந்தார். மிளகாய்க்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாய், எங்களுக்கு எப்போது என்று பெண்கள் கேட்கிறார்கள். சாரா உம்மா கண்ணாடியை மூக்கில் வைத்து ஒவ்வொரு மிளகாயாய்ப் பார்த்து எறிகிறாள். வெள்ளை டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தோம். கோப்பையும் கரண்டியும் இருக்கிறது. நாலு வருடமாய் வாங்குகிறோம், ஒருநாளும் அடியைப் பார்த்ததில்லை.

ஆறு டப்பா மாதிரி நேற்றுக் கொழும்புக்குப் போய் விமானத்தில் ஏறிவிட்டது. சம்பல் இதுவரை செய்ததில் ஆகத் திறம். பார்த்தவுடன் உன் முதலாளிக்கு மனம் குளிரும். குறை சொல்ல ஒன்றுமே வைக்கவில்லை. மற்றதெல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

றுமானாவுக்குச் சேலை எடுக்க வேண்டும். மாமா வந்துதான் எடுப்பது என்று அடம்பிடிக்கிறாள்.

ராத்தா ஜெய்னம்பு


டோர்ட்முண்ட்
08.05.2013

அன்பான ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் சுகமாய் இருக்கத் துஆச் செய்கிறேன். என் சுகத்தைக் கேட்காதீர்கள்.

மாதிரி தேறவில்லை.

மிளகாயில் நஞ்சு இல்லை. எண்ணெய் சுத்தம். வெங்காயத்தைப் பற்றி ஆய்வுகூடத்துக்காரி, கடமைக்கு வெளியே, "மணம் நல்லாயிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாளாம். ஆனால் டப்பாவிலிருந்து சம்பலில் இறங்கியது கிலோவுக்கு நானூற்றுப் பத்து மில்லிகிராம். அறுபது வரைதான் என்று எழுதியிருந்தேனே? முதலாளி அறிக்கையை மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். அவர் ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

பெட்டியை இங்கே நேரே ஆய்வுகூடம் உடைத்தது, நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன வெள்ளை டப்பாவில் கோப்பையும் கரண்டியும் இருந்தால் இப்படி வரவே முடியாது என்கிறார்கள். எந்த டப்பாவில் அனுப்பினீர்கள்? சூட்டோடு ஊற்றினீர்களா? விபரமாய் எழுதுங்கள். இன்னொரு முறை பார்க்கலாம் என்று முதலாளியின் காலில் விழாத குறையாய்க் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு முறைதான்.

தம்பி முத்தலிபு


கற்பிட்டி
22.05.2013

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

இங்கே காற்றுத் தொடங்கிவிட்டது. படகுகள் வெளியே போகவில்லை. மீன் விலை ஆனை விலை. சாரா உம்மாவின் பேத்திக்கு ஆண்பிள்ளை கிடைத்திருக்கிறது. கோட்டைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிறார்கள், பார்க்க வேடிக்கையாய் இருக்கும். மச்சான் இந்தமுறை வெங்காயம் நல்ல விளைச்சல் என்கிறார்.

டப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிறகு எழுதுகிறேன், வேலை கூடிவிட்டது.

ராத்தா ஜெய்னம்பு


கற்பிட்டி
14.06.2013

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்று கிழமையாய் உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் சைக்கிளில் வரும்போது வாசலுக்குப் போகிறேன், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். கோபம் வந்தால் அழமாட்டாய், சாப்பிடாமல் இருப்பாய். கடைசியில் நான்தான் வருவேன்.

சரி, வந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

வெள்ளை டப்பாவில் அனுப்பவில்லை. எல்லாம் ஆறவைத்து, ஆறு வெள்ளை டப்பாவையும் எடுத்து வைத்தோம். அப்போது சாரா உம்மா சொன்னாள், "புள்ள, சம்பந்தி வீட்டுக்கு ஒரு அகப்பைக் கறி போறதெண்டாலும் நல்ல கோப்பையிலதானே அனுப்புவோம். ஜெர்மனிக்குப் போற சாமான இந்த மூஞ்சி செத்த டப்பாலயா அனுப்புவாய்? ஆர் வீட்டுப் பொண்டுகள் எண்டு கேக்கமாட்டாங்களா?" எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் அது நியாயமாய்ப் பட்டது. அவளைக் குற்றம் சொல்லாதே, சரியென்று சொன்னது நான்தான்.

றுமானாவின் கலியாணத்துக்குப் பலகாரம் கொடுக்கப் புத்தளத்தில் பெட்டி எடுத்து வைத்திருந்தோம். சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி, தங்கக் கரை, மூடியில் ரோசாப்பூ, தொட்டால் மெத்தென்று வளையும். அதில் ஆறு எடுத்தோம். ஆறின சம்பல் அந்தப் பெட்டியில் அழகாய் மட்டமாய் நிற்கவில்லை. ஆகவே திரும்பச் சூடாக்கி, இளக்கி, ஊற்றினோம். மேலே மினுமினு என்று எண்ணெய் நின்றது. ரிப்பன் கட்டினோம். நீ என்னவெல்லாம் செய்யாதே என்று எழுதினாயோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தோம்.

நீ எழுதியது விளங்காமல் இல்லை. தினமும் போடுகிற மாதிரி என்று எழுதினாய். ஆனால் தினமும் போடுகிற மாதிரி விருந்தாளிக்குப் போடுவதை எங்கள் கை கேட்காது. பிறகு உன்னிடம் சொல்ல வெட்கமாய் இருந்தது. உன்னை வரவிடாமல் செய்தது என் பவிசுதான் என்று நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி இந்த விசயத்தில் என் வாயிலும் கையிலும் பொய் வராது.

இன்று காலை வேறு ஆறு டப்பா அனுப்பியிருக்கிறேன். வெள்ளை டப்பா. ஆறின சம்பல். ரிப்பன் இல்லை. பார்க்க ஏழைவீட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது. சாரா உம்மா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராத்தா ஜெய்னம்பு


டோர்ட்முண்ட்
09.07.2013

என் ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ரிப்பனா! ரோசாப்பூவா! உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வாசித்துச் சிரித்ததில் பக்கத்துச் சீற்றுக்காரன் எழும்பிப் போய்விட்டான். கோபமாய்த்தான் இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். 'திரும்பச் சூடாக்கி' என்ற இடத்தில் கோபம் பறந்துவிட்டது. ஆய்வுகூடத்துக்காரிக்கு நீங்கள் ஒருவர் மட்டும்தான் ரிப்பன் கட்டி அனுப்பியவர்.

இப்போது உட்கார்ந்து வாசியுங்கள். தேறிவிட்டது! அறுபதுக்குள் பதினாலு. முதலாளி எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். சாரா உம்மாவிடம் சொல்லுங்கள், மூஞ்சி செத்த டப்பா முதல் வகுப்பில் தேறியிருக்கிறது.

இனி ஒரு படிவம்தான். முதலாளியே தமிழில் எழுதிய படிவம், நாற்பது கேள்வி. எங்கே கை கழுவுகிறீர்கள், எலி வருமா, டப்பா எங்கே வாங்குகிறீர்கள் என்று எல்லாம் கேட்கும். நிரப்பி அவர் பெயருக்கே நேரே அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் உள்ளதை எழுதலாம், ஒன்றைத் தவிர. முப்பத்தோராம் கேள்வி: 'எமது நிறுவனத்தில் பணிபுரியும் எவருடனும் உறவு உண்டா?' அதற்கு 'இல்லை' என்று எழுதுங்கள். மறந்துவிடாதீர்கள், ராத்தா. அந்த ஒரு சொல்லில்தான் என் ரிக்கெற் இருக்கிறது. செப்டெம்பர் 10க்குப் பார்த்துவைத்திருக்கிறேன்.

நாளைக்கு நோன்பு. இங்கே சூரியன் இரவு பத்து மணிக்குத்தான் வீட்டுக்குப் போகிறது. உங்கள் கஞ்சியை நினைத்துக்கொண்டே பதினெட்டு மணித்தியாலம் இருப்பேன்.

தம்பி முத்தலிபு


கற்பிட்டி
26.07.2013

அன்புத் தம்பிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

பதினாறாவது நோன்பும் அல்லாஹ் நிறைவாக்கித் தந்தான். பதினெட்டு மணித்தியாலம் எப்படித்தான் இருக்கிறாயோ, நினைத்தாலே எனக்குத் தாகம் எடுக்கிறது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பாமல் படுத்துவிடாதே.

நீ தேறினதை அறிவித்ததும் அடுப்படியில் பெருநாள் வந்துவிட்டது. சாரா உம்மா ஒரு வெள்ளை டப்பாவைக் கழுவித் துடைத்துத் தன் அலுமாரியில் கண்ணாடிக் கோப்பைகளோடு வைத்திருக்கிறாள். மனுசர் எவ்வளவு சீக்கிரம் கட்சி மாறுகிறார்கள் பார்.

படிவம் வந்தது. மூன்று நாள் எடுத்து நிரப்பினேன். எலி வருமா என்ற கேள்விக்கு 'வந்தது, பூனை வளர்த்தோம், பூனையும் வரக் கூடாது என்று முத்தலிபு அவர்கள் எழுதியதால் வலையடித்தோம்' என்று எழுதியிருக்கிறேன். தபாலில் போட்டாயிற்று.

றுமானா நேற்று நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். மச்சான் இரண்டு கோப்பை குடித்தார். உப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கடைசிப் பத்து நாளும் உனக்காகக் கூடுதலாய்த் துஆச் செய்கிறேன். நீயும் எனக்காகச் செய். நான் செய்வது சரியாய் இருக்க வேண்டும் என்று செய்.

ராத்தா ஜெய்னம்பு


டோர்ட்முண்ட்
10.08.2013

ராத்தாவுக்கு, ஸலாம்.

நேற்றுப் பெருநாள். உங்களுக்கும் மச்சானுக்கும் றுமானாவுக்கும் வாழ்த்து.

முந்தநாள் முதலாளி கூப்பிட்டார். "அந்த அம்மா உன்ட ராத்தாவாமே" என்றார். நான் தலையாட்டினேன். "உன்னை அனுப்பேலாது. கொழும்பில இரிக்கிற ஒரு கம்பனியிட்டச் சொல்லி ஆள் அனுப்புறன். அவங்க சரியெண்டாச் சரி, பிழையெண்டாப் பிழை" என்றார். அவ்வளவுதான். வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. லீவு கேட்க எனக்கு முகமும் இல்லை.

செப்டெம்பர் 10 ரிக்கெற்றை விட்டுவிட்டேன்.

ஒரு சொல், ராத்தா. ஒரே ஒரு சொல்தானே கேட்டேன். அந்தக் கடிதத்தில் எலியைப் பற்றி எழுதினீர்கள், பூனையைப் பற்றி எழுதினீர்கள். இதை எழுதவில்லை. நான் வர வேண்டாமென்று உங்களுக்கு ஏன் தோன்றியது என்று யோசித்துப் பெருநாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். றுமானாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முத்தலிபு


கற்பிட்டி
22.08.2013

என் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ 'தம்பி' என்று போடாமல் கையெழுத்து வைத்த கடிதம் கிடைத்தது. நான் போடாமல் விடமாட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை எமிலியா என்று ஒரு பிள்ளை கொழும்புக் கம்பனியிலிருந்து வந்தாள். சிலாபத்துப் பிள்ளை, தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் கதைக்கிறாள். வாசலில் நான் தேசிக்காய்த் தண்ணி நீட்டினேன். "அம்மா, முதல்ல தொப்பி, பிறகு தண்ணி" என்று எனக்கே தொப்பியைப் போட்டுவிட்டாள். ஐந்து மணித்தியாலம் நின்றாள். மிளகாய்க் கட்டிலை அளந்தாள். டப்பாவை ஒவ்வொன்றாய்க் கவிழ்த்தாள். சாரா உம்மாவின் நகத்தைப் பார்த்தாள், சாரா உம்மா அவளுடைய நகத்தைப் பார்த்தாள், அவளுடையதில் சாயம். "இது சம்பல்ல விழுந்தா?" என்று கிழவி கேட்டாளே பார்! அந்தப் பிள்ளை சிரித்துவிட்டுத் தன் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டது. போகும்போது ஒரு டப்பா கேட்டாள். இலவசமாய் வாங்க மாட்டாளாம், சட்டமாம். விலைக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது மற்றது.

படிவத்தில் முப்பது கேள்விவரை மளமளவென்று எழுதினேன். முப்பத்தொன்றில் 'இல்லை' என்று எழுதத்தான் பேனையை வைத்தேன். சத்தியமாய் வைத்தேன். எழுதினால் நீ வருவாய், பந்தலில் நிற்பாய், றுமானா சிரிப்பாள். அன்று அசர் தொழுகை முதல் மஃரிப் தொழுகைவரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஓடவில்லை. உனக்கும் எனக்கும் உறவு இல்லை என்று என் கையால் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு கட்டுநாயக்க விமான நிலையத்தில் நீ வந்து இறங்கும்போது எந்தக் கையால் உன்னைக் கட்டிப்பிடிப்பேன், தம்பி? உன்னை வரவைக்க உன்னையே இல்லை என்று எழுத வேண்டுமா? அதற்கு நீ அங்கேயே இரு, என் தம்பியாய் இரு. அப்படித்தான் நினைத்தேன். 'ஓம்' என்று எழுதினேன்.

உனக்குச் சொல்லாதது பிழை. சொன்னால் நீ தடுத்திருப்பாய், நான் உனக்கு இரங்கியிருப்பேன். றுமானாவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, "நீங்க எழுதினதுதான் சரி உம்மா" என்றாள். அதற்குப் பிறகு நான் அழுதேன்.

சாப்பிடாமல் இருக்காதே.

உன் ராத்தா ஜெய்னம்பு


டோர்ட்முண்ட்
04.09.2013

என் அருமை ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். நேற்று முதலாளி கூப்பிட்டார்.

மேசையில் எமிலியாவின் அறிக்கை இருந்தது. ஒரே ஒரு குறை: வாசல் கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி, பலகை அடிக்க வேண்டும். மற்றதெல்லாம் சரி. அக்டோபரிலிருந்து மாதம் ஐந்நூறு டப்பா. அதற்குப் பக்கத்தில் உங்கள் படிவம். அதன் எட்டாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, "வாசி" என்றார்.

'ஓம்' என்று எழுதியதாகத்தான் எனக்குச் சொன்னீர்கள். அதற்குக் கீழே 'உறவு உண்டாயின் விபரம் தருக' என்று இரண்டு கோடு விட்டிருந்ததையும், நீங்கள் கோடு முடிந்து ஓரம்வரை எழுதியிருந்ததையும் சொல்லவில்லை. நான் மனப்பாடமாக்கிவிட்டேன்:

'முத்தலிபு என் உடன்பிறந்த தம்பி. எங்கள் உம்மா மவுத்தானபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினாறு. நான் பிழை விட்டாலும் அவன் சரி என்றுதான் சொல்வான். ஆகவே பரிசோதிக்க அவனை அனுப்பாதீர்கள், வேறு ஆளை அனுப்புங்கள். அவனைச் சும்மா அனுப்புங்கள்.'

முப்பத்தெட்டு வயது மனுசன் முதலாளியின் முன்னால் நின்று அழுதேன், ராத்தா. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தன்ட தம்பிய நம்பாதீங்க எண்டு எழுதிற மனுசியிட்டக் கண்ண மூடிக்கொண்டு சரக்கு எடுக்கலாம்" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "என்ன நிண்டு கொண்டிரிக்கிறாய்? லீவு ஒரு மாசம். சரக்கிறக்க நான் ஆள் பார்க்கிறன்" என்று விரட்டினார்.

உங்களைச் சந்தேகப்பட்டு எழுதியதற்கு என்னை மன்னியுங்கள். நேரில் காதுக்குள் கத்தியும் கேட்பேன்.

12ஆம் திகதி, வியாழக்கிழமை காலை கட்டுநாயக்கவில் இறங்குகிறேன். இந்தக் கடிதம் முந்துமா நான் முந்துவேனா தெரியாது, சுஹைர் மூலம் மச்சானுக்கும் போனில் அறிவிக்கிறேன். கையில் படிவமில்லை, புத்தகமில்லை, பார்த்துச் சொல்ல ஒரு வேலையுமில்லை. சும்மா வருகிறேன்.

உங்கள் தம்பி
முத்தலிபு